அனுமதி பெறாத அமைதி

மாஸ்டரும் அவர் மனைவியும் கல்யாணமான நாளிலிருந்து வாடகை வீடுகளிலேயே காலம் தள்ளியவர்கள். ஒரு வீட்டுக்காரர் சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்றார். அடுத்தவர் ஆணி அடிக்கலாம், சத்தம் மட்டும் வரக் கூடாது என்றார். அதற்கடுத்து வாய்த்த வீட்டுக்கார அம்மாள், சாய்ந்து உட்கார்ந்தால் சுவரில் தலை எண்ணெய் ஒட்டிக்கொள்ளும் என்பதால் நடு அறையில் உட்காரும்படி கேட்டுக்கொண்டாள். இப்படியே பாதி வாழ்க்கை போன பிறகு, ஓர் அடுக்ககத்தின் மூன்றாம் மாடியில் சொந்தமாக ஒரு வீடு வாங்கினார்கள். சாவி கைக்கு வந்ததும் இருவரும் நேராகப் போனது பெயின்ட் கடைக்கு.

மனைவி அட்டையைப் புரட்டிக் கிளிப்பச்சையில் விரலை வைத்தாள்.

"வெளிச் சுவருக்குங்களா மேடம்?" என்றார் கடைக்காரர்.

"ஹாலுக்கு."

"ஓரமா ஒரு பட்டை மாதிரி அடிக்கவா?"

"முழுச் சுவருக்கும்."

மாஸ்டர் லேசாகக் கனைத்தார். அவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். கற்றுக்கொடுப்பவரின் பக்கத்திலும் ஒரு பிரேக் இருக்குமே, அதை மிதித்து மிதித்தே பிழைப்பு நடத்துபவர். ஆபத்து எங்கே தெரிந்தாலும், அது கல்யாண மண்டபமாக இருந்தாலும் பல் டாக்டரின் நாற்காலியாக இருந்தாலும், அவருடைய வலது கால் தானாகத் தரையை ஓங்கி மிதிக்கும். பெயின்ட் கடையிலும் மிதித்தது.

"என்னங்க, நான் ஆஸ்பத்திரியில எக்ஸ்ரே எடுக்கிறவ. நாள் முழுக்க இருட்டு ரூம்ல கறுப்பும் சாம்பலுமா அடுத்தவங்க எலும்பைப் பாத்துட்டு வர்றேன். வீட்டுக்கு வந்தா எனக்குக் கலர் வேணும்" என்றாள் மனைவி.

மாஸ்டர் பணத்தை எடுத்து வைத்தார். சுவர் கிளிப்பச்சை ஆனது. அதற்கு எதிரே தக்காளிச் சிவப்பில் ஒரு சோபா வந்து இறங்கியது. புது வீட்டைப் பார்த்துவிட்டு ஒரு வாரத்தில் கிளம்பிவிடுவதாகச் சொல்லி வந்த மாமனார், சோபாவில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, "மாப்ளே, கண்ணு கூசுது. ஆனா நல்லாத்தான் இருக்கு" என்று தீர்ப்புச் சொன்னார். பிறகு கிளம்பும் பேச்சையே எடுக்கவில்லை.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அந்த அடுக்ககத்தின் உரிமையாளர் சங்கத் தலைவர், சுங்க இலாகாவில் பெரிய பதவியிலிருந்து ஓய்வு பெற்றவர், விடுமுறைக்கு எங்கோ ஒரு விடுதியில் போய்த் தங்கும்வரை. அந்த விடுதியில் சுவர், தரை, திரை, தட்டு, பணியாள் எல்லாமே ஒரே மணல் நிறமாம். அங்கே தங்கியதில் அவருக்கு ரத்த அழுத்தம் குறைந்துவிட்டதாம். ஊரிலிருந்து திரும்பிய மறுநாளே சங்கத்தின் பொதுக்குழு கூட்டப்பட்டது.

"நண்பர்களே, நான் சர்வாதிகாரி இல்லை" என்று தலைவர் பேச்சைத் தொடங்கினார். தொடக்கத்திலேயே ஒருவர் இப்படிச் சொன்னால் பிறகு என்ன வரும் என்று மாஸ்டருக்குத் தெரியாது. மற்றவர்களுக்குத் தெரிந்திருந்தது, அவர்கள் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டார்கள். "உங்க வீட்டுக்கு எந்த நிறம் வேணும்னு நீங்களேதான் தீர்மானிக்கப்போறீங்க. நாங்க கொடுக்கிற பன்னிரண்டு நிறத்துல எதை வேணும்னாலும் எடுத்துக்கலாம். இந்தச் சுதந்திரம் வேற எந்த அடுக்ககத்துல இருக்கு, சொல்லுங்க? இனிமே நம்ம வீடுகள்ல சாந்தமான நிறங்களும் இயற்கையான பொருட்களும்தான். நிறம் குறைஞ்சா நிம்மதி நிறையும். நிம்மதியா இருக்க மறுக்கிறவங்க மேல நடவடிக்கை எடுக்கப்படும்."

பிறகு நிற ஆலோசகரை அறிமுகப்படுத்தினார். வெறுங்காலோடு, கசங்கிய பருத்தி உடையில் ஒருவர் எழுந்து நின்று கண்ணை மூடினார். அந்தக் கசங்கலைத் தனியாக ஆள் வைத்துக் கசக்கியிருக்க வேண்டும். அவ்வளவு ஒழுங்காக இருந்தது. அவர் பன்னிரண்டு அட்டைகளை ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டினார். "நேற்றைய மணல்", "கோதுமைத் தயக்கம்", "வயசான பருத்தி", "பேசாத கூழாங்கல்" என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் இருந்தது. ஒரே அட்டையையே திரும்பத் திரும்பக் காட்டுகிறார் என்று நினைத்து மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

வாக்கெடுப்பு நடந்தது. ஆதரிப்பவர்கள் மணல் நிற அட்டையையும் எதிர்ப்பவர்கள் கோதுமை நிற அட்டையையும் தூக்க வேண்டும். எல்லோரும் ஏதோ ஓர் அட்டையைத் தூக்கினார்கள். எது எது என்று எண்ணுகிறவருக்கே தெரியாததால் எல்லாமே ஆதரவு வாக்குகளாகக் கணக்கிடப்பட்டன. தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது.

சில நாள் கழித்து ஆலோசகர் மாஸ்டரின் வீட்டுக்குச் சோதனைக்கு வந்தார். தலைவரும் கூட வந்தார். மனைவி வேலைக்குப் போயிருந்தாள். ஆலோசகர் பச்சைச் சுவரைக் கண்டதும் நெஞ்சில் கைவைத்தார். மெல்ல நடந்து போய் அதன்மேல் காதை ஒட்டிவைத்தார்.

"கத்துது" என்றார்.

"பக்கத்து வீட்டு மிக்ஸிங்க" என்றார் மாஸ்டர்.

"சுவர் கத்துது சார். இவ்வளவு நாளா உங்க காதுல விழலையா?"

மாஸ்டரும் காதை வைத்துப் பார்த்தார். இப்போது மிக்ஸி நின்றுபோயிருந்தது. அவருக்கு எதுவும் கேட்கவில்லை. கேட்கவில்லை என்று சொன்னால் தன்மேல்தான் குறையோ என்று நினைத்து, "லேசா" என்றார்.

அந்த ஒரு சொல் போதுமானதாக இருந்தது. ஆலோசகர் சோபாவின் பக்கம் திரும்பி, இது வன்முறை என்றார். அதன்மேல் உட்கார்ந்திருந்த மாமனார், தன்னைத்தான் சொல்கிறார் என்று எண்ணி, "நான் யாரையும் ஒண்ணும் செய்யலைங்க" என்றார்.

"இதைப் பாருங்க மாஸ்டர்" என்று தலைவர் தோளில் கைபோட்டார். "நாங்க யாரையும் கட்டாயப்படுத்தறதில்லை. நீங்க மாத்தாட்டி உங்க வீட்டுக் குப்பையை எடுக்க மாட்டாங்க, லிப்ட் உங்க மாடியில நிக்காது, அவ்வளவுதான். மத்தபடி உங்க இஷ்டம்."

மாஸ்டரின் வலது கால் தரையை மிதித்தது. ஆனால் எதிரே இருந்தது கார் இல்லை, நிற்கவில்லை. பெயின்டர்கள் ஏற்கெனவே ஏணியோடு வாசலில் காத்திருந்தார்கள். பன்னிரண்டில் ஒன்றைத் தொடச் சொன்னார்கள். கண்ணை மூடிக்கொண்டு தொட்டார்.

"அதையா எடுத்தீங்க?" என்று ஆலோசகர் புருவத்தை உயர்த்தினார். "தைரியசாலிதான். கொஞ்சம் பளிச்சுன்னு இருக்குமே!"

மாலையில் மனைவி வந்தாள். தன் சாவியால் கதவைத் திறந்தாள். மணல் நிறச் சுவரையும், சணல் துணி போர்த்திய சோபாவையும் பார்த்தாள். "மன்னிச்சுக்கோங்க, வீடு மாறி வந்துட்டேன்" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டாள்.

மாஸ்டர் ஓடிப்போய் மாடிப்படியில் அவளைப் பிடித்தார். அவள் திரும்பி வந்து அந்தச் சுவரின் எதிரே வெகுநேரம் நின்றாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்து அவர் தலையைக் குனிந்து தயாராக இருந்தார். அவள் திட்டவில்லை.

"ஒரு போன் பண்ணியிருக்கலாம்ல?" என்றாள்.

"பண்ணியிருக்கலாம்."

"ஏன் பண்ணலை?"

"நீ வேணாம்னு சொல்லுவேன்னு தெரியும். அதை அவங்ககிட்ட சொல்ற தைரியம் எனக்கு இல்லை."

அவள் கைப்பையை வைத்துவிட்டுக் குளிக்கப் போனாள். அன்றிலிருந்து வேலை முடிந்தும் வீட்டுக்குத் தாமதமாக வரத் தொடங்கினாள். ஏன் என்று மாமனார் கேட்டபோது, "அங்கயாவது எலும்பு வெள்ளையா தெரியுதுப்பா" என்றாள்.

நிறம் முடிந்ததும் இயற்கை தொடங்கியது. வழுவழுப்பான எதுவும் பொய் என்று ஆலோசகர் அறிவித்தார். பிளாஸ்டிக் வாளிகள் போய் மர வாளிகள் வந்தன. அவற்றில் பிடிக்கும் தண்ணீர் குளியலறைக்குள் போவதற்குள் ஒழுகி ஹாலைக் கழுவிவிட்டது. சாப்பாட்டு மேசைக்குப் பதிலாக, ஆற்றில் அடித்துவந்த மரக்கட்டை ஒன்று கொடுக்கப்பட்டது. அதன்மேல் தட்டு நிற்காது. தட்டை மடியில் வைத்துக்கொண்டு கட்டையைப் பார்த்துக்கொண்டே சாப்பிட வேண்டும் என்று விளக்கினார்கள். சணல் பாய், நாணல் தட்டி, சீவாத மரத்தில் ஒரு முக்காலி. முக்காலியில் உட்கார்ந்து எழுந்தபோதெல்லாம் மாமனார் மகளிடம் சிராய் எடுக்கும் ஊசியைக் கேட்டார். எக்ஸ்ரே எடுத்துத்தான் பார்க்க வேண்டும் என்றாள் அவள்.

காய்கறிக்கும் விதி வந்தது. காலிபிளவர், காளான், உருளைக்கிழங்கு மூன்றையும் கையில் பிடித்தபடியே வீட்டுக்குக் கொண்டு வரலாம். தக்காளியும் கேரட்டும் சணல் பைக்குள் மறைந்தபடிதான் வாசலைத் தாண்ட வேண்டும். வாசல் காவலாளி பைக்குள் எட்டிப் பார்த்து, "பீட்ரூட்டா? சார், என் வேலை போயிடும் சார்" என்று அழாத குறையாகக் கெஞ்சுவார்.

கீழே தோட்டத்திலிருந்த பூச்செடிகளைப் பிடுங்கிக் காய்ந்த நாணலை நட்டார்கள். புல்தரையையும் உரித்தெடுத்தபோது மாஸ்டருக்கு நிஜமாகவே ஒரு சந்தேகம் வந்தது. குதர்க்கமாக இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"சார், புல்லு இயற்கைதானே? அது பச்சையா இருக்கே?"

ஆலோசகர் இரக்கத்தோடு சிரித்தார். "இயற்கைதான். ஆனா இன்னும் பக்குவப்படாத இயற்கை. காய்ஞ்சாத்தான் புல்லு தன் உண்மையான நிறத்துக்கு வரும்."

"மனுஷங்க?"

"அதுக்கும் வழி யோசிச்சிட்டிருக்கோம்" என்றார் பின்னாலிருந்து தலைவர். மறுவாரமே வீட்டுக்குள் உடுத்திக்கொள்ள மணல் நிற அங்கிகள் வந்து சேர்ந்தன.

அங்கி வந்த பிறகு வீட்டுக்குள் மனிதர்களைக் கண்டுபிடிப்பதே பெரும்பாடாகிவிட்டது. ஒரு நாள் மதியம் மாமனார் அங்கியோடு சோபாவில் சாய்ந்து கண்ணயர்ந்துவிட்டார். மறு ஆய்வுக்கு வந்த தலைவர், "அடடா, இப்பத்தான் இது வீடு!" என்று பாராட்டியபடியே சோபாவில் உட்கார்ந்தார். சோபா "அய்யோ" என்றது. இயற்கைப் பொருட்களுக்கு உயிர் உண்டு என்று ஆலோசகர் அடிக்கடி சொல்வதால் தலைவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நன்றாகச் சாய்ந்துகொண்டார். மாமனாரை அவருக்கு அடியிலிருந்து மாஸ்டர் இழுத்து வெளியே எடுக்க வேண்டியிருந்தது.

"மாப்ளே, நான் இன்னைக்கே ஊருக்குக் கிளம்பறேன்" என்றார் மாமனார் இடுப்பைப் பிடித்துக்கொண்டு. ஆனால் அவருடைய பெட்டி எங்கே இருக்கிறது என்று யாராலும் கண்டுபிடிக்க முடியவில்லை. அதற்கும் சணல் உறை போட்டிருந்தார்கள்.

அதற்குள் கதவுகளிலிருந்த எண்களையும் கழற்றிவிட்டார்கள். எண் என்பது கண்ணுக்கு இரைச்சலாம். ஒரு நாள் மாஸ்டர் வேலை முடிந்து களைத்துப்போய் வந்து, கதவு திறந்திருக்கவே உள்ளே போய்ச் சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு, முக்காலியில் உட்கார்ந்து காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் நான்காம் மாடிக் கணக்காளர் உள்ளே வந்தார். மாஸ்டரைப் பார்த்துத் திடுக்கிட்டு, "தப்பா வந்துட்டேன் மாஸ்டர், தப்பா நினைக்காதீங்க" என்று வெளியே போனார். ஒவ்வொரு கதவாகத் தட்டி அடுக்ககம் முழுதும் தேடிவிட்டுத் திரும்பி வந்த பிறகுதான், தான் முதலில் வந்ததே தன் வீடு என்று அவருக்கு உறைத்தது.

"அப்போ என் வீடு எங்கங்க?" என்றார் மாஸ்டர்.

"எனக்கே என் வீடு இப்பத்தான் கெடைச்சிருக்கு" என்றார் கணக்காளர்.

இந்தச் சமயத்தில்தான் தலைவர் தன் வீட்டை முன்மாதிரி வீடாக அறிவித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை எல்லோரையும் அழைத்தார். மாஸ்டர் குடும்பத்தோடு போனார். ஹால் முழுவதும் நாணல் தட்டிகள், காய்ந்த புல் கட்டுகள், மரப்பட்டைகள். ஒரு வைக்கோல் போருக்குள் குடித்தனம் நடத்துவது போல் இருந்தது. நடுநடுவே தேன்மெழுகில் செய்த மெழுகுவர்த்திகள் எரிந்தன.

"மின்விளக்கு பொய் வெளிச்சம்" என்று தலைவர் பேசத் தொடங்கினார். "இந்தப் பதவிக்கு வர்றதுக்கு முன்னாடி எனக்கும் உங்களை மாதிரி ஆசாபாசங்கள் இருந்துச்சு. என் மனைவிக்கு நீலம் பிடிக்கும். இப்ப அவங்க இங்க இல்லை, தங்கச்சி வீட்டுக்குப் போயிட்டாங்க. எவ்வளவு அமைதியா இருக்கு பாருங்க!"

எல்லோரும் கைதட்டினார்கள். அவருக்குப் பின்னாலிருந்த நாணல் தட்டியிலிருந்து மெல்லிய சாம்பல் புகை கிளம்பி மேலே போனது. ஆலோசகர் அதைப் பார்த்துச் சொக்கிப்போனார்.

"அந்தச் சாம்பல் அந்தச் சுவரோட எப்படிக் கலக்குது பாருங்க! யார் யோசனை இது?"

"எல்லாம் உங்க பயிற்சிதான்" என்றார் தலைவர் திரும்பிப் பார்க்காமலே.

பிறகு தட்டியின் ஓரத்தில் ஓர் ஆரஞ்சு நாக்கு எட்டிப் பார்த்தது. ஆலோசகரின் முகம் சுருங்கியது. "இந்த நிறம் நம்ம பட்டியல்லயே இல்லையே" என்றார்.

மாஸ்டரின் கால் ஓங்கி மிதித்தது. இந்த முறை வாயும் சேர்ந்துகொண்டது. "பிரேக்!" என்று அலறினார். வருஷக்கணக்காகக் கற்றுக்குட்டிகளை நடுங்கவைத்த குரல் அது. அத்தனை பேரும் நின்ற இடத்தில் அப்படியே நின்றுவிட்டார்கள். ஓட வேண்டிய நேரத்தில் அது ஒன்றுதான் செய்யக் கூடாதது. "இல்ல, ஓடுங்க! வெளிய ஓடுங்க!" என்று அவரே திருத்த வேண்டியதாயிற்று. மாமனாரை ஒரு கையிலும் மனைவியை ஒரு கையிலும் பிடித்து இழுத்துக்கொண்டு படியிறங்கினார்.

தீயணைப்பு உருளை ஒன்று எல்லா மாடியிலும் உண்டு. அதற்கும் மணல் நிறம் பூசிக் கயிறு சுற்றியிருந்தார்கள். அதை அலங்காரத் தூண் என்று நினைத்துக் காவலாளி அதன்மேல் கைவைத்துச் சாய்ந்துகொண்டே வாளியைத் தேடினார். மர வாளி தீ இருந்த இடத்துக்கு வருவதற்குள் காலியாகிவிட்டது. தீயணைப்பு வண்டி வந்தபோது காவலாளி அதைப் பார்த்து வாசல் கதவை மூடப் போனார். சிவப்பு வாகனம் உள்ளே வர அனுமதியில்லை என்று அவருக்கு எழுதிக் கொடுத்திருந்தார்கள். வண்டிக்காரர்கள் அவரைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு உள்ளே வந்தார்கள். எண் கழற்றிய கதவுகளில் சம்பந்தமில்லாத சிலவற்றை உடைத்துவிட்டு, கடைசியில் சரியான கதவையும் உடைத்துத் தீயை அணைத்தார்கள்.

யாருக்கும் அடிபடவில்லை. கீழே காய்ந்த நாணலுக்கு நடுவே நின்றபோது மாஸ்டரின் மனைவி இன்னும் அவருடைய கையை விடவில்லை. வெகு நாளைக்குப் பிறகு அவள் அப்படிப் பிடித்திருக்கிறாள் என்று அவருக்குத் தோன்றியது.

அவசரப் பொதுக்குழு கூடியது. தலைவர் பதவி விலகுவார் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அவர் மேடையில் ஏறித் தொண்டையைச் சரிசெய்துகொண்டார்.

"நடந்தது தீ விபத்து இல்லை. ஒரு நிற மீறல். அதை விதிமுறைப்படி கையாண்டிருக்கோம். ஆலோசகர் உங்ககிட்ட ஒரு நல்ல செய்தி சொல்வார்."

ஆலோசகர் கண்ணை மூடினார். "எரிஞ்ச சுவரைப் போய்த் தொட்டுப் பாத்தேன். அந்தக் கரி, அந்த வெடிப்பு, அந்தச் சொரசொரப்பு... மனுஷக் கையால கொண்டுவர முடியாதது. நாம இவ்வளவு நாளா தேடின இயற்கை அதுதான். இது தலைவர் வீட்ல மட்டும் இருந்தாப் போதுமா?"

மாஸ்டர் எழுந்து நின்றார். தான் எழுந்துவிட்டதை அவரே சற்றுத் தாமதமாகத்தான் கவனித்தார்.

"அதாவது... எல்லார் வீட்டையும் கொளுத்தப் போறீங்களா?"

"கட்டுப்பாடான முறையில" என்றார் தலைவர்.

"நான் பச்சை பெயின்ட் வாங்கப் போறேன்" என்றார் மாஸ்டர். "குப்பையை எடுக்காட்டி நானே கொண்டுபோய்க் கொட்டிக்கிறேன். லிப்ட் வேணாம், எனக்குக் கால் இருக்கு."

சொல்லிவிட்டு நடந்தார். பின்னால் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. மனைவி எழுந்து வந்துகொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு மாமனார். "மாப்ளே, மெதுவா போங்க. இப்பத்தான் உங்களைப் பெருமையா பாத்துட்டிருக்கேன், அதுக்குள்ள மறைஞ்சிடாதீங்க."

அன்று மாலையே கணவனும் மனைவியும் சுவருக்குப் பச்சை அடித்தார்கள். பெயின்டர் இல்லாமல், தங்கள் கையாலேயே. மனைவியின் மூக்கு நுனியில் பச்சை ஒட்டிக்கொண்டது. அவர் சொல்லவில்லை, பார்த்துக்கொண்டே இருந்தார். கதவு தட்டப்பட்டது. சங்கத்து ஆட்களாக இருக்கும் என்று பயந்துபோய்த் திறந்தார். நான்காம் மாடிக் கணக்காளர் ஒரு கிண்ணத்தோடு நின்றார்.

"மிச்சம் இருக்கா மாஸ்டர்? கதவுக்கு மட்டும். வீட்டுக்கு வழி தெரிஞ்சாப் போதும்."

அடுத்த நாள் இன்னும் சிலர் வந்தார்கள். வாரம் முடிவதற்குள் மாடிக்கு மாடி பச்சைக் கதவுகள் முளைத்துவிட்டன. பால்கனிகளில் சிவப்புத் துண்டுகள் துணிந்து காய்ந்தன. தீயணைப்பு உருளைகளின் கயிற்றை அவிழ்த்துக் காவலாளியே சிவப்படித்தார். யாரும் கூட்டம் போடவில்லை, யாரும் பேசவில்லை. அவரவர் கையில் பிரஷ் இருந்தது.

இதைச் சங்கம் பொறுத்துக்கொள்ளாது என்று மாஸ்டர் நினைத்தார். சங்கத்தைப் பற்றி அவருக்கு இன்னும் சரியாகத் தெரியவில்லை. மீண்டும் பொதுக்குழு கூடியபோது, தலைவர் கிளிப்பச்சைச் சட்டையில் வந்திருந்தார்.

"இது எங்க திட்டத்தோட இரண்டாம் கட்டம்" என்றார். "முதல்ல நிறத்தை எடுத்தாத்தானே அதோட அருமை உங்களுக்குத் தெரியும்? அதை நாங்க முன்னாடியே சொல்லியிருந்தா நீங்க ஒத்துழைச்சிருக்க மாட்டீங்க. இப்ப நீங்களா விரும்பிப் பச்சை அடிச்சிருக்கீங்க. இனிமே அதைக் கட்டாயமாக்கறதுல யாருக்கும் மறுப்பு இருக்க முடியாது."

ஆலோசகர் காலில் செருப்பும் கழுத்தில் மஞ்சள் துணியுமாக எழுந்து, மணல் நிறம் மனிதனை மந்தமாக்கும் என்று தான் ஆரம்பத்திலிருந்தே எச்சரித்து வந்ததாகச் சொன்னார். பிறகு இருவருமாக மாஸ்டரை மேடைக்கு அழைத்து, உற்சாக நிறக் குழுவின் தலைவராக்கி, சட்டையில் ஒரு பச்சைப் பட்டையைக் குத்திவிட்டார்கள். கைதட்டல் அடங்கவே இல்லை. வாழ்க்கையில் யாரும் தனக்கு அவ்வளவு நேரம் கைதட்டி அவர் கேட்டதில்லை. வீட்டுக்கு வந்து கண்ணாடி முன்னால் நின்று பட்டையை நேராக்கினார்.

"பாத்துங்க" என்றாள் மனைவி.

"என்னத்தை?"

"சும்மா சொன்னேன்."

அவர் சோதனைக்குப் புறப்பட்டார். முதல் மாடியில் ஒரு வீட்டில் புதுப் பச்சைச் சுவர். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் எதுவும் சொல்லாமல் வந்தால் பட்டைக்கு மரியாதை இல்லையே என்று, "இன்னும் கொஞ்சம் மனசு வெச்சு அடிச்சிருக்கலாம்" என்றார். அந்த வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். அது மாஸ்டருக்குப் பிடித்திருந்தது. பிடித்தது அவருக்கே கொஞ்சம் ஆச்சரியமாக இருந்தது.

தரைத்தளத்தின் கோடி வீட்டில் மழலையர் பள்ளி ஆசிரியை ஒருவர் தனியாக இருந்தார். அந்தக் கதவு பச்சையாக இல்லை, மங்கலான வெள்ளை. ஆலோசகரும் பெயின்டர்களும் வெளியில் நிற்க, மாஸ்டர் மட்டும் உள்ளே போனார்.

சுவர்கள் பாலாடை நிறத்தில் இருந்தன. ஜன்னலோரம் பழைய பிரம்பு நாற்காலி ஒன்று, உட்கார்ந்து உட்கார்ந்து கைப்பிடி தேன் நிறமாகியிருந்தது. பருத்தித் திரை, ஒரு கோரைப்பாய், மண் ஜாடியில் குச்சி குச்சியாய் ஏதோ ஒரு செடி. அவ்வளவுதான். ஆனால் அந்த ஜன்னல் வெளிச்சம் சுவரில் வந்து விழுந்து மெல்ல நகர்வது தெரிந்தது. மாஸ்டர் தன்னையறியாமல் நாற்காலியில் உட்கார்ந்தார். சிராய் எதுவும் குத்தவில்லை.

"இவங்க சொன்ன பிறகா மேடம் இதெல்லாம் மாத்துனீங்க?"

"இல்ல சார். நான் குடிவந்த நாள்லேர்ந்து இப்படித்தான்" என்றார் ஆசிரியை. "காலையிலேர்ந்து ஒரு கிளாஸ் முழுக்க குழந்தைங்க. சட்டை, பை, பொம்மை, சுவர், மேசை எல்லாம் ஒரே கலர்மயம். ஒருத்தன் சிவப்புக் கலர்ல என் புடவையில வரைஞ்சிருப்பான். எனக்கு அவங்களைப் பிடிக்கும். ஆனா சாயந்திரம் வந்து செருப்பைக் கழட்டினா எனக்கு ஒண்ணுமே வேணாம். இந்த நாற்காலி போதும்."

"அப்போ போன தடவை உங்களுக்குத் தொல்லை இருந்திருக்காதே?"

ஆசிரியை சிரித்தார். "அப்பவும் வந்தாங்க. என்னோட வெள்ளை அவங்க பன்னிரண்டுல இல்லைன்னுட்டாங்க. 'அனுமதி பெறாத அமைதி'ன்னு எழுதிக் கொடுத்துட்டுப் போனாங்க. சுவரை விட்டுடச் சொல்லிக் கெஞ்சித் தவணை வாங்கிட்டே இருந்தேன். அதுக்குள்ள நல்ல வேளையா தீப்பிடிச்சிடுச்சு." சிரிப்பு நின்றது. "இப்ப நீங்க வந்திருக்கீங்க."

மாஸ்டருக்கு முகம் சூடாகியது. குனிந்து சட்டையிலிருந்த பட்டையைப் பார்த்தார். அதைப் போய்க் கண்ணாடியில் நேராக்கிக்கொண்டோமே என்று நினைத்தார். வெளியே பெயின்டர் ஏணியை இழுக்கும் சத்தம் கேட்டது.

"ஒரு டம்ளர் தண்ணி கொடுக்கிறீங்களா?" என்றார். நிதானமாகக் குடித்தார். தண்ணீர் குடிக்கும் நேரமாவது அங்கே உட்கார்ந்திருக்கலாமே என்றிருந்தது. பிறகு எழுந்து வெளியே வந்து, கதவைப் பின்னால் சாத்திவிட்டு அதன்மேல் முதுகை வைத்து நின்றுகொண்டார்.

"உள்ள எப்படி?" என்றார் ஆலோசகர்.

"பிரமாதம்."

"பச்சைதானே?"

"பச்சைன்னா அப்படி ஒரு பச்சை. நம்ம வீடெல்லாம் பக்கத்துலயே வர முடியாது."

"நான் ஒரு தடவை பாக்கணுமே."

"பாக்க முடியாது. கண்ணு போயிடும்" என்றார் மாஸ்டர். பட்டையைக் கழற்றி ஆலோசகரின் கையில் வைத்தார். "இதையும் நீங்களே வெச்சுக்கோங்க. எனக்கு நாளைக்குக் காலையில புதுசா ரெண்டு பேர் வண்டி பழக வர்றாங்க. வேலை இருக்கு."

ஆலோசகர் தயங்கினார். கதவைப் பார்த்தார், மாஸ்டரைப் பார்த்தார். மாஸ்டர் நகர்வதாக இல்லை. கடைசியில் பெயின்டர்கள் ஏணியைத் தூக்கிக்கொண்டு அடுத்த வீட்டுப் பக்கம் நடந்தார்கள்.

படியேறி வீட்டுக்கு வந்தபோது மனைவி சோபாவில் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இப்போதெல்லாம் அவள் நேரத்துக்கு வந்துவிடுகிறாள். அவருடைய சட்டையில் பட்டை இருந்த இடத்தைப் பார்த்தாள். காலை மடக்கி இடம் விட்டாள்.

"அந்த டீச்சர் வீடு எப்படி இருந்துச்சு? என்ன கலர்?"

மாஸ்டர் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அவங்க கலர்" என்றார்.